முட்டுக்கட்டையும் பொம்மை லொறியும்

நான்கு சில்லு பூட்டிய எந்த வண்டிக்கும் ஒரு பிறவிக் குணம் உண்டு. விட்டால் நேராகத்தான் போகும். திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும். மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் அண்மையில் நான் பார்த்த, வானொலி அலையால் இயக்கும் ஆறு சில்லுப் பொம்மை லொறியும் அப்படித்தான் முரண்டு பிடித்தது. அதைச் சரிசெய்த கதையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழங்கதை பேசவேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள்க.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டே சில்லுகள், ஒவ்வொன்றும் அச்சில் தன்பாட்டிற்குச் சுழலும், கழன்று விழாமல் கடையாணி காக்கும். மாடுகள் வலப்புறம் ஒதுங்கினால் வலச்சில்லு நின்ற இடத்திலேயே நிற்க, இடச்சில்லு அதைச் சுற்றி வந்துவிடும். வளைவில் வெளிச்சில்லுக்குத் தூரம் கூட, உட்சில்லுக்குக் குறைவு. வண்டி திருப்பும் சாத்திரத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

தேரின் நிலைமை வேறு. முன்னச்சும் பின்னச்சும் அசையாமல் இறுகப் பொருத்தப்பட்டவை. திசை திருப்ப ஒரு கருவியும் இல்லை. ஆனாலும் அது நான்கு வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்தாகவேண்டும். ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம்; ஆனால் தேரைத் திருப்புகிறவர்கள் அவர்கள் அல்லர். சில்லுக்கு அருகில் குனிந்தபடியே கூட வரும் நாலைந்து பேர்தான் தேரோட்டிகள். அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. திரும்பவேண்டிய பக்கத்துச் சில்லுக்கு முட்டுக் கொடுத்தால், மறுபக்கச் சில்லு வடத்தின் இழுப்பில் முன்னேற, தேரின் முகம் மெல்ல மெல்ல அசையும். கட்டையைச் சாய்வாகச் செருகுவது, உரிய நொடியில் உருவுவது, கையையும் காலையும் காத்துக்கொள்வது எல்லாம் கண்ணாலும் பழக்கத்தாலும் வருபவை. எவர் செய்யும் காரியத்துக்கும் குறுக்கே நிற்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று வைகிறோம். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் மூலை திரும்பாது என்பதை வைகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 தொன் எடையும் கொண்டது என்பார்கள். திருச்சியிலுள்ள பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் நீரியல் விசைத் தடையும் பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகும் முட்டுக்கட்டை ஓய்வு பெறவில்லை. வீதி மூலைகளில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, கிறீஸ் பூசி, சில்லுகளைச் சறுக்க விட்டுத்தான் தேரைத் திருப்புகிறார்கள். நம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியைப் பார்த்தவர்கள், மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் நகர வீதியில் திரும்பும்போது அந்தக் கட்டைகளையும் ஒருமுறை கவனித்திருக்கலாம்.

ஐரோப்பியக் குதிரை வண்டிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். முன்னச்சையே நடுவில் ஒரு முளையில் பொருத்தி, முழு அச்சையும் திருப்பினார்கள். கூர்மையாகத் திருப்பினால் வண்டி குடைசாயும். இங்கிலாந்தில் சார்ள்ஸ் டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு மாற்று யோசித்தவர். ஆனால் காரியத்தை ஊரறியச் செய்தவர் மியூனிக் நகரத்து வண்டி கட்டுநர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். அச்சு அசையாமல் நிற்கட்டும், இரு முனைகளிலும் சில்லுகள் மட்டும் தனித்தனி முளைகளில் திரும்பட்டும் என்றார் அவர். வளைவின் உட்சில்லு வெளிச்சில்லைவிடச் சற்றுக் கூடுதலாகத் திரும்பும்படி இணைத்துவிட்டால், சில்லு எதுவும் சறுக்காது.

1818இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றுக் கொடுத்த முகவர் ருடோல்ஃப் அக்கர்மன், இலண்டனில் படங்கள் அச்சிட்டு விற்றுப் புகழ் பெற்றவர். இன்று உலகம் முழுவதும் அதன் பெயர் ‘அக்கர்மன் அமைப்பு’. வண்டி அச்சுக்காரர் மறைந்தார், புத்தக அச்சுக்காரர் நிலைத்தார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்குச் சிறிய ஆறுதல். முட்டுக்கட்டைக்காரர்களுக்கு அந்த அளவு கூட இல்லை. அவர்களில் ஒருவர் பெயரையும் நாம் எழுதி வைக்கவில்லை.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சில்லுகள். நான்கு சில்லு வண்டியைத் திருப்பும் வகை அவருக்குப் பிடிபட 1893 ஆகிவிட்டது. தொலைவிலிருந்து திருப்பும் வித்தையோ அதற்குப் பின் நெடுநாள் காத்திருக்கவில்லை. 1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை வானொலி அலையால் செலுத்திக் காட்டினார். படகுக்குச் சுக்கான் போதும். சில்லுத் தொல்லை அங்கே இல்லை.

இனி வஹகோட்டைக்கு வருவோம். கலேவெலவுக்கு அருகிலுள்ள இந்த ஊர் புனித அந்தோனியார் திருத்தலத்தால் அறியப்படுவது. கண்டி அரசர் காலத்தில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் இங்குள்ளோர் என்பது வழிவழிச் செய்தி. நான் தங்கிய வீட்டுப் பையன் முற்றத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். “அங்கிள், மதில் மூலையில இது திரும்புதே இல்லை. மூண்டு தரம் பின்னுக்கு எடுக்க வேண்டிக் கிடக்கு” என்றான்.

அளந்து பார்த்தோம். முன்னச்சிலிருந்து பின்னிரு அச்சுகளின் நடுப்புள்ளி வரை 30 சென்ரிமீற்றர். முன்சில்லு 25 பாகைதான் திரும்பியது. கணக்குப்படி வட்டத்தின் ஆரை ஏறத்தாழ 64 சென்ரிமீற்றர். கோணத்தை 35 பாகை ஆக்கினால் அது 43க்கு இறங்கும். தடையாயிருந்தது டயர் உரசிய சேறுகாப்பு; அதைக் கொஞ்சம் வெட்டினோம். சேர்வோ மோட்டாரின் கையில் இணைப்புக் கம்பியை ஒரு துளை வெளியே மாற்றினோம். வீச்சு கூடினால் வலு குறையும் என்பதால் வலுவான சேர்வோ ஒன்றும் தேவைப்பட்டது. இதற்கு மேல் வளைக்க முன்னச்சு மூட்டு இடம் தராது.

அப்படியும் லொறி பாதி மனத்தோடுதான் திரும்பியது. பிறகுதான் பின்னச்சுகளின் வேறுபாட்டுப் பற்சக்கரங்கள் பூட்டப்பட்டிருப்பதைக் கண்டோம். சேற்றில் ஏறுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. இரு புறச் சில்லுகளும் ஒரே வேகத்தில் சுற்றி வண்டியை நேரே தள்ளின. பூட்டை எடுத்ததும் உட்சில்லு மெதுவாகவும் வெளிச்சில்லு விரைவாகவும் ஓட, மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. மதில் மூலையை லொறி ஒரே மூச்சில் கடந்தது.

மணலில் மட்டும் பின்சில்லுகளின் கீறல்கள் தெரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பின்னச்சுகள் அசையாமல் இருக்கும்வரை அது தீராது. கண்டி வீதி வளைவுகளில் பத்துச் சில்லு லொறிகளின் பின்டயர்கள் தேய்வதும், திருவாரூரில் தகட்டுக்குக் கிறீஸ் பூசுவதும் அதே காரணத்தால்தான்.