மஞ்சள் தேநீர்: அரிதாகக் கிடைக்கும் இந்தச் சீனத் தேயிலையில் அப்படி என்ன விசேஷம்?

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார்ந்து, “அண்ணே, தே தாரிக் ஒன்னு” என்று சொல்பவரா நீங்கள்? கிள்ளான் பக்கம் பாக் குத் தே கடைகளில் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் சீனத் தேநீரையும் பார்த்திருப்பீர்கள். முதலாவது, பால் கலந்த கறுப்புத் தேயிலை. இரண்டாவது, பெரும்பாலும் ஊலோங் அல்லது பூ-அர். ஆனால், மஞ்சள் தேநீர்? நம்மில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

பெட்டியில் விற்கும் கிரிசாந்திமம் பானம் அல்ல இது. அது பூவில் தயாராவது. லிப்டன் யெல்லோ லேபிளும் அல்ல. அங்கே மஞ்சள் லேபிளில் மட்டும்தான்!

எது மஞ்சள் தேநீர்?

சீனாவில் தேயிலையை 6 வகையாகப் பிரிக்கிறார்கள். மிகக் குறைவாகத் தயாராவது மஞ்சள்தான். ஆறும் ஒரே செடியிலிருந்து வருபவை. பறித்த பிறகு இலையை என்ன செய்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

பச்சைத் தேயிலைக்கு, பறித்த இலையைச் சூடாக்கி, அதிலுள்ள என்சைம்களை நிறுத்தி, உலர்த்திவிடுவார்கள். மஞ்சள் தேயிலைக்கு நடுவில் இன்னொரு வேலை இருக்கிறது. சூடும் ஈரமும் குறையாத இலையைத் தாளிலோ துணியிலோ சுற்றி, மூடி வைப்பார்கள். இதற்குப் பெயர் ‘மென் ஹுவாங்’. அந்த வெதுவெதுப்பில் பச்சையம் மெல்லச் சிதைந்து இலை மஞ்சளாகும். பச்சை வாடை போகும், துவர்ப்பு குறையும், சுவை மென்மையாகும்.

ஏன் அரிது?

காரணம், அந்தக் காத்திருப்புதான். ஹுனான் மாநிலத்தில் டோங்டிங் ஏரியின் ஜுன்ஷான் தீவில் விளையும் ‘ஜுன்ஷான் யின்ஜென்’ தயாராகச் சுமார் 3 நாட்கள் பிடிக்கும். இளம் மொட்டுகளை மட்டுமே பறிப்பார்கள். அதுவும் நாம் ‘செங் பெங்’ என்று அறிந்த நாளை ஒட்டிய இளவேனிற் காலத்தில். மூடி வைக்கும் நேரம் அதிகமானால் மக்கிய வாடை வந்துவிடும். குறைந்தால் பச்சைத் தேயிலையாகவே நின்றுவிடும்.

அதே மொட்டைப் பச்சைத் தேயிலையாக்கினால் வேலையும் குறைவு, விற்பதும் சுலபம். அதனால் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சிலர் மூடி வைக்கும் நேரத்தைச் சுருக்கிவிட்டு, மஞ்சள் என்றே விற்கிறார்கள். 2022-இல் சீனாவின் பாரம்பரியத் தேயிலைத் தயாரிப்பு முறைகளை யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜுன்ஷான் யின்ஜென்னும் அதில் அடங்கும். ஆனால், வாங்க ஆள் இருந்தால்தான் அந்தக் கைத்திறன் பிழைக்கும்.

வாங்கும்போது என்ன கவனிக்கலாம்?

பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் தேயிலைக் கடைக்குப் போனால், பெயரை மட்டும் நம்பாதீர்கள். ‘ஹுவாங்ஜின் யா’ என்றால் ‘தங்க மொட்டு’. ஆனால், அது பெரும்பாலும் பச்சைத் தேயிலை. ‘யின்ஜென்’ என்றால் ‘வெள்ளி ஊசி’. ஜுன்ஷானில் அது மஞ்சள், பூஜியான் மாநிலத்தில் வெள்ளைத் தேயிலை! “மென் ஹுவாங் செய்ததா, எத்தனை நேரம்?” என்று கேளுங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

வீட்டில் போடும்போது கொதிக்கும் நீர் வேண்டாம். சுமார் 80 முதல் 85 டிகிரி போதும். பால், சீனி இல்லாமல், கண்ணாடி கிளாஸில் போட்டுப் பாருங்கள். ஜுன்ஷான் மொட்டுகள் செங்குத்தாக நின்று, மேலே போய்க் கீழே இறங்கும். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய காட்சி அது.