விரல் நுனியில் நெடுங்கணக்கு

எழுத்து கண்ணுக்கே உரியது என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். அதை விரலுக்கும் உரியதாக்கியவர் லூயி பிறெயில். 1809இல் பிரான்சில் சேணத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் பட்டறைக் கருவி கண்ணிற் பாய்ந்ததன் விளைவாகப் பார்வை இழந்தார்.

அவர் கற்ற பாரிஸ் பள்ளியில் சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டிருந்தனர். தடவித் தடவி வாசிக்கலாம். தாமாக எழுத முடியாது. படையதிகாரி சார்ள் பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி முறையோ ஒலிகளை மட்டுமே குறித்தது. பிறெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, எழுத்துகளுக்கு உரியதாக்கி, 1829இல் நூலாக வெளியிட்டார். ஒரே தொடுகையில் ஓர் எழுத்து! பார்வையுள்ளோரின் எழுத்தைப் போலில்லை என்ற எதிர்ப்பும் எழுந்தது. பிரான்ஸ் அதை முறைப்படி ஏற்றது 1854இல். அவர் மறைந்து ஈராண்டின் பின்.

ஆறு புள்ளிகள் தரும் வடிவங்கள் 63 மட்டுமே. ஒவ்வொரு மொழியும் அவற்றைத் தன் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டது. அன்றைய பிரெஞ்சு நெடுங்கணக்கில் இல்லாத ஆங்கில ‘டபிள்யூ’ வரிசைக்கு வெளியே ஓரிடம் பெற்றது. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வந்த பாரதி பிறெயிலில், தமிழ்க் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் ஒரே வடிவம்.

இன்னொரு புதுமை. அச்சில் ‘கொ’ எழுத, கொம்பு முன்னும் அரவு பின்னும் நிற்கும். பிறெயிலிலோ ககரம் முதலில், ஒகரம் அடுத்து. நாவில் ஒலிக்கும் அதே ஒழுங்கு. மெய்யின் புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னே வந்து நிற்கிறது.

தன் கடிதத்தைப் பிறர் கைக்கு ஒப்புவியாமல் தானே எழுதும் உரிமை, இந்த ஆறு புள்ளிகளிற் பிறந்தது.