பஞ்சு ஒண்ணு, ஃபேக்டரி ரெண்டு

ஊட்டி மலை ரயில்ல வெலிங்டன் தாண்டினதும் அருவங்காடு ஸ்டேஷன் வரும். பக்கத்துலயே வெடிமருந்துத் தொழிற்சாலை. ஊட்டிக்குப் போய் கூடலூர் ரோட்டைப் பிடிச்சா இந்துநகர். அங்கேதான் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். ஒண்ணு பீரங்கிக்கு, இன்னொண்ணு சினிமாவுக்கு. ஆனா வேதியியல்ல ரெண்டும் பங்காளிங்க. பஞ்சுலயும் மரத்துலயும் இருக்கற செல்லுலோஸ்ங்கற பாலிமர்தான் ரெண்டுக்கும் மூலம்.

அதை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில ஊறவெச்சா நைட்ரோசெல்லுலோஸ். கூட நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாசலின் சேர்த்து, அசிட்டோன் விட்டுப் பிசைஞ்சு இடியாப்பம் மாதிரி பிழிஞ்சா கார்டைட். 1889ல பிரிட்டன்ல ஏபெல், டூவார் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சது. 1904 வாக்குல அருவங்காட்டுக்கு வந்துருச்சு.

வேடிக்கை என்னன்னா, நைட்ரஜனைக் கொஞ்சம் குறைச்ச அதே சரக்கை மெல்லிசா ஊத்திக் காயவெச்சதுதான் அந்தக் காலத்து சினிமா ஃபிலிம்! ஆக்சிஜனைத் தனக்குள்ளயே வெச்சிருக்கறதால, பத்திக்கிட்டா தண்ணியில முக்கினாலும் அணையாது. எரியாமத் தப்பிச்சாலும் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பொடியாயிடும். 1931ல வந்த 'காளிதாஸ்' படத்துக்கு இன்னிக்கு ஒரு பிரதிகூட இல்லை.

1948ல கோடக் ட்ரைஅசிட்டேட் ஃபிலிமைக் கொண்டுவந்தது. நைட்ரிக்குக்கு பதிலா வினிகர்ல இருக்கற அசிட்டிக் வகையறா, அவ்வளவுதான் வித்தியாசம். லேசுல பத்திக்காது.

ஹெச்.பி.எஃப். 1960ல பதிவாகி, பௌஷேங்கற பிரெஞ்சு கம்பெனி கூட்டுல 1967ல உற்பத்தியை ஆரம்பிச்சது. ஏன் ஊட்டி? குளிர்ச்சி, நல்ல தண்ணி, தூசியில்லாத காத்து. ஃபிலிம்ல கடுகளவு தூசி விழுந்தா திரையில பூசணிக்காய் சைஸுக்குத் தெரியுமே! இந்த வகை ஃபிலிமுக்கு, ட்ரைஅசிட்டேட்டைத் தேன் பதத்துக்குக் கரைச்சு, சுத்திக்கிட்டே இருக்கற பளபளப்பான உலோகப் பரப்புல ஊத்துவாங்க. கரைப்பான் ஆவியாகிப் போக, மிச்சம் நிக்கறது மில்லிமீட்டர்ல எட்டுல ஒரு பங்கு தடிமன்ல ஒரு ஏடு. அதுக்கு மேல ஜெலட்டின்ல கலந்த வெள்ளி உப்பைப் பூசணும், அதுவும் இருட்டுல. வெளிநாட்டு ஜம்போ ரோலை வாங்கி, வெட்டி டப்பாவுல போடறது வேற. இது வேற.

'இந்து' (நிலான்னு அர்த்தம்) ஃபிலிமை டிஜிட்டல் கேமரா கொன்னுடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நலிவடைஞ்ச நிறுவனம்னு இதை அறிவிச்சது 1996ல. அன்னிக்கு நம்மூர்ல யார் கையில டிஜிட்டல் கேமரா இருந்தது? கலர் வந்தப்ப கறுப்பு-வெள்ளையிலயே நின்னது, இறக்குமதி வரி குறைஞ்சது, பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்கு வாங்கின கடன் வட்டி மேல வட்டியா ஏறினது, இந்த மூணும்தான் முதல்ல சாய்ச்சது. டிஜிட்டல் வந்து பால் ஊத்திச்சு.

2014ல மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஒப்புக்கிச்சு. பங்காளி ஃபேக்டரி மட்டும் 2021லேருந்து மியூனிஷன்ஸ் இந்தியாங்கற புதுப் பேர்ல ஓடிக்கிட்டிருக்கு.