கூண்டுக்குள் அடங்கிய குரல்

மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, ஆரையம்பதிப் பக்கமிருந்து கொக்கட்டிச்சோலைக்குச் செல்பவர்கள் 'பாதை' என்னும் மிதவையில் ஏறியே மட்டக்களப்பு வாவியைக் கடந்தனர். அக்கரையான படுவான்கரையில் நாய்க்குக் கூண்டு என்ற ஒன்று வழக்கிலில்லை. வளவே அதன் வீடு; குரைப்பதே அதன் தொழில். வயலில் யானை இறங்கினால் முதற்குரல் அதனுடையதுதான். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் படுகொலைகளைக் கண்ட அம்மண்ணில், நள்ளிரவில் நாய் குரைத்தால் அதை அதட்டுவதற்கு முன்பு காதுகொடுத்துக் கேட்கவே எவருக்கும் தோன்றும்.

அப்பகுதியிலிருந்து புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் அடுக்குமாடிகளில் நாய் வளர்க்கின்றனர். அங்கே கூண்டும் வேண்டும், குரைப்பும் கேட்கக்கூடாது. கேட்டால் பக்கத்து வீட்டாரின் முறைப்பாடு வரும். கூண்டுக்குள் நாயை அமைதியாக வைத்திருப்பது எப்படி என்பது அவர்களுக்குப் பெருங்கேள்வி.

இக்கேள்விக்கு மிகக் கடுமையான முறையில் விடை தேடியவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். 1957 நவம்பர் 3ஆம் திகதி ஸ்புட்னிக்-2 விண்கலத்தில் ஏற்றப்பட்ட லைகா, மொஸ்கோ தெருக்களில் திரிந்த நாய். படுவான்கரை நாய்களைப் போல அதுவும் கூண்டறியாதது. பயணத்துக்கு முன், மேலும் மேலும் சிறிதாகும் கூண்டுகளில் நாய்களை 20 நாட்கள் வரை அடைத்துப் பழக்கினர். நாய்கள் அமைதியிழந்தன, மலசலம் கழிப்பதையே நிறுத்தின. பேதி மருந்து கொடுத்தும் பயனில்லை. நீண்டகாலப் பயிற்சி ஒன்றே பலன் தந்தது என அவர்களே கண்டனர். ஏவும் நேரத்தில் லைகாவின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 103இலிருந்து 240 ஆக உயர்ந்தது. அது பல நாட்கள் உயிரோடிருந்ததாகவே உலகம் நெடுங்காலம் நம்பியது. சில மணி நேரத்திலேயே வெப்பத்தால் இறந்துவிட்டது என்ற உண்மை 2002இல்தான் வெளிவந்தது. அத்திட்டத்தில் பங்குகொண்ட ஒலெக் கசென்கோ, அதைச் செய்திருக்கக் கூடாது என்று 1998இலேயே வருந்தினார். நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த வருத்தம், ஆயினும் வந்ததே.

இன்னொரு சோதனை இதைவிட என்னைத் தொந்தரவு செய்கிறது. 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் தப்ப வழியின்றி நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தனர். பின்னர் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும், அவற்றுட் பல தாண்டாமல் படுத்துக்கொண்டன. பார்வைக்கு அவை சாந்தமான நாய்கள்தாம். உண்மையில் அவை எதிர்பார்ப்பை இழந்திருந்தன.

ஆகவே, குரைப்பு நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து நாய் அமைதியடைந்தது என எண்ணிவிட முடியாது. அதட்டியும் கூண்டைத் தட்டியும் பெறும் மௌனம் எனக்கு அந்தச் சோதனைச்சாலையையே நினைவூட்டுகிறது. இன்றைய பயிற்றுநர்கள் கூறும் வழி மெதுவானது. முதலில் கதவைத் திறந்தே வைத்து உணவை உள்ளே வைப்பர். நாய் தானாகப் போய்வரும். பிறகு சில நொடிகள் மூடுவர்; நாட்கள் செல்லச் செல்ல நேரத்தைக் கூட்டுவர். நாய் எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் இருக்கவேண்டும். லைகாவுக்கு நிற்கவும் படுக்கவும் இடமிருந்தது, திரும்ப இடமில்லை.

உலாவியும், உண்டும், மலசலம் கழித்தும் வந்த நாய் அதன் பின்னரும் கூண்டில் ஓயாது குரைத்தால், நேரத்தை அவசரப்பட்டுக் கூட்டிவிட்டோம் என்பதே பெரும்பாலும் பொருள். மறுநாள் அதைக் குறைத்துக்கொண்டு தொடங்கலாம்.