அம்மாவின் ட்ரங்குப் பெட்டியும் கொலம்பஸின் சங்கிலியும்

பதின்ம வயதுப் பதற்றம்னா உடனே ஹார்மோன் மேல பழியைப் போட்டுடறோம். ஜமைக்கா கின்கெய்டின் ‘ஆனி ஜான்’ (1985) நாவலைப் படித்தால், அந்தப் பதற்றத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது என்று தெரியும்.

கதை நடப்பது கரீபியன் தீவான ஆன்டிகுவாவில். 1493இல் கொலம்பஸ் பெயர் வைத்துவிட்டுப் போன தீவு. பிறகு பிரிட்டிஷ்காரர்களின் கரும்புத் தோட்டமானது. உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1834இல் அடிமைமுறை ஒழிந்தாலும், நாடு விடுதலை அடைந்தது 1981இல்தான். ஆனி படிப்பது ஆங்கிலேயர் வகுத்த பாடத்தை.

சின்ன வயதில் ஆனிக்கு அம்மாதான் உலகம். சேர்ந்து குளிப்பார்கள். ஒரே துணியில் இருவருக்கும் உடை. அம்மா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, ஆனியின் குழந்தைக்காலப் பொருள் ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வாள். பன்னிரண்டு வயதில் எல்லாம் நிற்கிறது. இனி ஒரே மாதிரி உடுத்தக் கூடாதாம். பியானோ வகுப்பு, நாகரிக வகுப்பு. நம்ம ஊர்ல தோளுக்கு மேல வளர்ந்தா தோழன்னு சொல்லுவோம். இங்கே வளர்ந்ததும் அந்நியமாகிறாள். அன்பு வெறுப்பாகத் திரிகிறது.

வளர்த்து எடுக்க நினைப்பது யாரை மாதிரி? ஆங்கிலச் சீமாட்டியை மாதிரி. அதனால் ‘அம்மாதான் பேரரசு’ என்று வாசிக்கத் தோன்றும். ஆனால் அவ்வளவு எளிதல்ல. அந்த அம்மாவே பதினாறு வயதில் அப்பாவோடு சண்டை போட்டு, டொமினிக்காவை விட்டு ஒரு பெட்டியோடு கிளம்பி வந்தவள். தன் அப்பாவுக்குக் கால் வரவில்லை என்று கடிதம் வந்தபோது, பெரிய மனுஷனால இனி நினைச்சபடி எழுந்து போக முடியாதுன்னு சிரிக்கிறாள்.

1500இல் கொலம்பஸைச் சங்கிலியில் கட்டி ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். அந்தப் படம் ஆனியின் வரலாற்றுப் பாடநூலில் இருக்கிறது. அதன் கீழே அவள் எழுதி வைப்பது அம்மாவின் அதே கேலியைத்தான். தண்டனை: மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் முதல் இரண்டு காண்டங்களைக் கையால் நகல் எடுப்பது! பேரரசை எதிர்க்கும் சொல்லை, பேரரசின் ஒழுக்கத்தைத் திணித்த அதே அம்மாவிடமிருந்துதான் மகள் எடுக்கிறாள். நாவலின் உயிர் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

1949இல் ஆன்டிகுவாவில் எலைன் பாட்டர் ரிச்சர்ட்சனாகப் பிறந்தவர் கின்கெய்ட். பதின்ம வயதிலேயே குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அமெரிக்கா அனுப்பப்பட்டார். 1973இல் பெயரையே மாற்றிக்கொண்டார். நாவலில் ஆனி நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுகிறாள். 1948இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்குக் கரீபியன் பெண்கள் கிளம்பிய அதே பாதை.

கிளம்பும்போது அவளிடமும் ஒரு ட்ரங்குப் பெட்டி. அம்மாவின் பழைய பெட்டி வேண்டாம்னு அடம்பிடிச்சு, தச்சரான அப்பாவிடம் புதுசா செய்து வாங்கியது. ஆனாலும் அவள் செய்வது, அம்மா பதினாறு வயதில் செய்ததைத்தான்.