வான் கதவும் கணவாயும்: மெய்க் காவிக் கற்றைகளின் ஒருமை வெட்டுகள்

இலங்கையின் பொல்பிட்டியவுக்கு மேலே எழும் சரிவுகளில் எங்கு விழுந்தாலும் மழைநீருக்கு இறங்கும் திசை ஒன்று உண்டு. உச்சியிலும் கணவாயிலும் குழியின் அடியிலும் மட்டும் அது இல்லை. உயரத்தின் படித்திறன், நிலத்தின் தொடலிக் கற்றைக்கு ஒரு வெட்டு. அதை அதன் நீளத்தால் வகுத்துத் திசையை மட்டும் வைத்துக்கொண்டால், மேற்சொன்ன புள்ளிகளில் வரையறுக்கவே முடியாத ஒருமை வெட்டு கிடைக்கிறது. அப்புள்ளிகளை விதிவிலக்கென்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் கற்றையின் சிறப்பியல்பு வகுப்பு குடியிருப்பதே அங்கேதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒருமைப் புள்ளியை ஒருமுறை சுற்றி வருகையில் திசை எத்தனை முறை சுழல்கிறதோ அதுவே அதன் சுட்டெண். உச்சிக்கும் குழிக்கும் +1. கணவாயில் திசை எதிர்ப்புறமாகச் சுழல்வதால் −1. குன்றுகளையும் பள்ளங்களையும் இவ்வாறு எண்ணும் கணக்கை மக்ஸ்வெல் 1870இல் எழுதினார். சுட்டெண்களின் கூட்டுத்தொகையை வெளியின் உருவமே தீர்மானிக்கிறது என்ற, எல்லாப் பரிமாணங்களுக்குமான தேற்றம் 1926இல் ஹொப்பிடமிருந்து வந்தது. கரையெங்கும் நிலம் கடலை நோக்கிச் சரிகிறதென்று கொண்டால், இலங்கையின் சுட்டெண்களின் கூட்டுத்தொகை 1. சிவனொளிபாதமலையும் பிதுருதலாகலையும் இருவேறு உச்சிகளாக நிற்பதால் கணவாய் ஒன்றேனும் இருந்தே ஆக வேண்டும். கெசெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடமோ, கண்ணுக்கு எவ்வளவு சிறப்பாயினும், இக்கணக்கில் வெறும் சரிவுதான். படித்திறன் அங்கே மறைவதில்லை.

மனிதர் நிலத்தை மாற்றும்போது என்ன ஆகிறது? காசல்ரீ, மவுசாகலை அணைகளுக்கு முன் அவ்விரு ஓயாக்களின் பள்ளத்தாக்குகள் தடையின்றிச் சரிந்தன. அணை வந்ததும் மேற்புறத்தில் ஒரு குழி. அணையின் தலையில், வான் பாயும் தாழ்ந்த இடத்தில், ஒரு கணவாய். +1உம் −1உம் சோடியாகப் பிறந்தன, கூட்டுத்தொகை அசையவில்லை. நீர்ப்பரப்பையும் நிலமாகவே எண்ணினால், நீர்மட்டம் ஏறி வான் பாயும் நாளில் குழியும் கணவாயும் ஒன்றையொன்று தொட்டுக் கழிந்துவிடுகின்றன. (லக்சபான நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே 1969இன் பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு இறங்கும் நீர் இதில் சேராது, அது நிலத்தின் படித்திறனைக் கேட்டு ஓடுவதில்லை.)

நீர்த்தேக்கத்தின் பரப்பு முழுவதும் தட்டை, படித்திறன் எங்கும் பூச்சியம், தனிப்புள்ளியே இல்லாதபோது சுட்டெண் ஏது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புத்தான். ஆனால் சுட்டெண் புள்ளியின் சொத்தன்று. அதைச் சூழும் பாதையின் சொத்து. கரையோரமாகச் சுற்றினாலே போதும். நீர் வற்றி நடுவே ஒரு மேடு தீவாக வெளிப்பட்டால், வளையமாகிவிட்ட நீர்ப்பரப்பின் சுட்டெண் 0, மேட்டின் உச்சிக்கு 1. மொத்தம் பழையபடி 1தான். இக்கூட்டுத்தொகைக்குச் செர்ன் 1944இல் தந்த நிறுவலும் இதையே வேறு மொழியில் சொல்கிறது: வளைவிலிருந்து பெறும் வடிவத்துக்கும் ஒருமைப் புள்ளிகளின் தொகுதிக்கும் உள்ள வேறுபாடு, ஒருமை வெட்டிலிருந்தே கட்டப்படும் ஒன்றின் வகையீடு. ஆகவே வகுப்பு எந்தப் புள்ளி என்று காட்டாது, எத்தனை என்று மட்டுமே விதிக்கும். அதன் வரம்பும் அதுவே.

மெய்க் கற்றைகளில் உண்மையான சிக்கல் குறியில் இருக்கிறது. தொடலிக் கற்றையில் நிலத்தின் திசைமுகத்தைப் புரட்டினால் கற்றையும் கூடவே புரள்வதால் குறி தப்பிவிடுகிறது. பொதுவான மெய்க் கற்றைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முறுக்கிய கெழுக்களைத் துணைக்கு அழைக்காவிட்டால் பூச்சியங்களை ஒற்றையா இரட்டையா என்றே எண்ண முடியும். ஸ்டீஃபெலும் விற்னியும் 1935இல் கண்ட வகுப்புகள் இந்த ஒற்றை-இரட்டைக் கணக்கில் வாழ்பவை. இது வறுமை என்பாருக்குத் தேயிலை நிரைகளையே விடையாகக் காட்டலாம். நிரைக்கு முன்பின் கிடையாது. அது அம்பில்லாத கோடு. மூன்று சரிவுகளின் நிரைகள் ஒன்றோடொன்று முட்டும் இடத்தைச் சுற்றி வந்தால் கோடு அரைச் சுற்றே திரும்புகிறது, சுட்டெண் −1/2. ஒரு நிரையில் அம்பு வரைந்துகொண்டு கிளம்பியவர், அதே நிரைக்கு அம்பு தலைகீழாகத் திரும்பி வருகிறார். குறியிட முடியாத அந்தச் சுற்றில்தான் முதலாம் ஸ்டீஃபெல்–விற்னி வகுப்பு பூச்சியமல்லாமல் நிற்கிறது.