ஒரே முற்றம், மூணு வயசுக் கோழி, ஒரு கிண்ணம் சிப்பி

வீட்டுல கோழி வளர்க்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். முட்டை போடுற பெட்டை ரெண்டு, இன்னும் முட்டைக்கு வராத விடலை மூணு, பொரிச்சு பத்து நாள் ஆன குஞ்சு எட்டு, எல்லாத்துக்கும் மேல ஒரு சேவல். தீவனக் கடைக்குப் போனா குஞ்சுக்கு ஒரு மூட்டை, வளருற கோழிக்கு ஒரு மூட்டை, முட்டைக்கோழிக்கு ஒரு மூட்டைன்னு அடுக்கி வச்சிருக்காங்க. எதை வாங்குறது? எங்க வேம்பார் பக்கம் கேட்டா பல பேர் சொல்றது முட்டைக்கோழித் தீவனம்தான். கண்ணுக்குத் தெரியிற வருமானம் முட்டைதானே! ஆனா குஞ்சுக்கு அது ஆபத்து. ஏன்னு தெரிஞ்சுக்க கொஞ்சம் சரித்திரம் பார்க்கணும்.

கதை நாமக்கல்ல ஆரம்பிக்கல, ஜாவாவுல ஆரம்பிக்குது. 1880களின் கடைசியில பட்டாவியாவுல (இன்னைக்கு ஜகார்த்தா) எய்க்மான்னு ஒரு டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கிட்டு இருந்தார். அவரோட ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீர்னு கால் இழுத்துக்கிச்சு, நிக்க முடியல. கொஞ்ச நாள் கழிச்சு தானாவே சரியாவும் போச்சு. விசாரிச்சா, நடுவுல சில மாசம் ராணுவ ஆஸ்பத்திரி சமையலறையில இருந்து தீட்டின வெள்ளை அரிசிச் சோறு வந்திருக்கு. புதுசா வந்த சமையல்காரர், "ராணுவத்து அரிசியை வெளிக்கோழிக்குத் தர முடியாது"ன்னு நிறுத்திட்டார். கோழி பிழைச்சது அந்தக் கறாரான மனுஷனாலதான் :-)

தவிட்டுல இருந்த ஏதோ ஒண்ணு தீட்டும்போது போயிடுதுன்னு பிறகுதான் புரிஞ்சது. அதைத்தான் இப்போ வைட்டமின் பி1ன்னு சொல்றோம். எய்க்மானுக்கு 1929ல நோபல் பரிசு கிடைச்சது.

அதுக்கப்புறம் கோழிக்குஞ்சு ஆய்வுக்கூடங்களின் செல்லப் பிள்ளை ஆயிடுச்சு. கோபன்ஹேகன்ல ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கின தீவனம் கொடுத்த குஞ்சுகளுக்கு ரத்தம் கசிஞ்சதைப் பார்த்துத்தான் வைட்டமின் கே பக்கம் போனார். வெறும் தானியமும் பிண்ணாக்கும் தின்ன குஞ்சு சரியா வளரல, மீன்தூள் சேர்த்தா வளருது. இது ஏன்னு ரொம்ப நாள் புதிரா இருந்தது. 1948ல பி12 பிரிச்செடுத்த பிறகுதான் பதிலின் முக்கியமான பகுதி கிடைச்சது. இப்படி ஒவ்வொண்ணா சேர்த்துச் சேர்த்துத்தான் இன்னைக்கு மூட்டையில வர்ற தீவனம் உருவாச்சு.

இந்த மூட்டைகள் பண்ணைக்காகப் பிறந்தவை. நாமக்கல் மாதிரி இடத்துல ஒரு கொட்டகைன்னா ஒரே வயசுக் கோழி. அங்க வயசுக்கு ஒரு மூட்டைங்கிறது சரியான கணக்கு. நம்ம முற்றத்துல அம்மா, பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாம் ஒரே தட்டுல கொத்துது. வில்லங்கம் அங்கதான்.

கணக்கைப் பாருங்க. ஒரு முட்டை ஓட்டுல சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கு. பண்ணைக்கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் போல தின்னும். தின்ற கால்சியத்துல பாதிதான் உடம்புல சேரும்னு வச்சா, தீவனத்துல 3.5 முதல் 4 சதவீதம் வேணும். முட்டைக்கோழித் தீவனம் அப்படித்தான் இருக்கு. குஞ்சுக்கு வேண்டியது ஏறக்குறைய 1 சதவீதம்தான். மிச்சத்தை வெளியேத்த முடியாம சிறுநீரகம் கெட்டுப்போகும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தா இதயம், ஈரல் மேல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கும். நாம 'ஏதோ சீக்கு'ன்னு விட்டுடுவோம்.

சரி, எல்லாத்துக்கும் குஞ்சுத் தீவனம் போட்டா? பெட்டை தன் எலும்புல இருந்து கால்சியத்தை உருவி ஓடு கட்டும். முதல்ல ஓடு மெலிசாகும், அப்புறம் கோழியே படுத்துடும்.

இதுக்கு விடை நம்ம கடற்கரையிலேயே கிடக்கு. வேம்பார், பரதவர்களின் ஏழு கடல்துறைகள்ல ஒண்ணு. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல சிப்பியை அழுக விட்டு முத்தெடுத்த பிறகு மிஞ்சுறதெல்லாம் ஓடுதான். மன்னார் வளைகுடாவுல கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961ல முடிஞ்சுபோச்சு. ஆனா கிளிஞ்சலுக்கு இன்னைக்கும் பஞ்சமில்ல. சிப்பி ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் அதேதான்.

எங்க ஆச்சி காலத்துல யாரும் சதவீதம் பார்க்கல. முற்றத்து மணல்லயே சிப்பித் துண்டு கிடக்கும். முட்டையிடுற பெட்டை தேடிக் கொத்தும், குஞ்சு பெரிசா சீண்டாது. கால்சியம் குறைஞ்சா கோழி தானே தேடித் தின்னும்னு ஆய்வுகளும் சொல்லுது. ராத்திரிதான் ஓடு கட்டுதுங்கிறதால சாயங்காலம்தான் அதிகம் தின்னும். குஞ்சுக்குப் புரதம் வேணுமா, பழைய பானையில சாணி, ஓலை, கிழிஞ்ச சாக்கு திணிச்சு கவுத்து வச்சா கரையான் பிடிக்கும். அதைத் தட்டி விடுவாங்க. அந்த முற்றத்துல ஒவ்வொண்ணும் தனித்தனியா இருந்தது, எது வேணும்னு முடிவு பண்ணினது கோழி. மூட்டை வந்தப்போ எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து அந்த முடிவைக் கோழிகிட்ட இருந்து வாங்கிட்டோம்.

ஆக, கலப்பு வயசுக் கூட்டத்துக்கு நான் சொல்றது இதுதான்:

பொதுத் தட்டுல வளருற கோழித் தீவனம் (குரோயர்). கூட கொஞ்சம் கம்பு, குருணை, தவிடு.

நொறுக்கின சிப்பி தனிக் கிண்ணத்துல, குஞ்சுக்கு எட்டாத உயரத்துல. தீவனத்தோட கலக்கவே கூடாது.

குஞ்சுத் தீவனத்தைப் பஞ்சாரத்துக்குள்ள வச்சு, செங்கல் கொடுத்து ஒரு பக்கம் லேசா தூக்கி விடுங்க. குஞ்சு நுழையும், பெட்டை நுழையாது. இதுல இன்னொரு லாபமும் உண்டு. சில குஞ்சுத் தீவனத்துல ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்திருக்கும். பெட்டை அதைத் தின்னா முட்டையில இறங்கலாம்.

நம்ம ஊர்ல காரல் கருவாட்டுத் தூள் சுலபமா கிடைக்கும், நல்ல புரதம். ஆனா உப்புப் போடாம காயவச்சதா பார்த்து வாங்கணும். உப்புக் கருவாடு குஞ்சைக் கொன்னுடும்.

மூணு மூட்டை வேண்டாம். ரெண்டு மூட்டையும், கடற்கரைக்கு ஒரு நடையும் போதும். சிப்பியை மட்டும் நல்லா அலசிக் காயவச்சுட்டு நொறுக்குங்க.